நுரையீரலின் நிழலை வாசிக்கும் இயந்திரம்

நுரையீரலுக்கு வலி தெரியாது! விரல் நுனியில் ஒரு முள் தைத்தால் உடல் முழுதும் துடிக்கிறது. கடைவாய்ப் பல்லில் கடுகளவு குழி விழுந்தால் இரவு முழுதும் உறக்கம் இல்லை. ஆனால் மார்புக் கூட்டின் பெரும்பகுதியை நிரப்பி நிற்கும் நுரையீரலின் உட்திசுவில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லையென்றே சொல்லலாம். அதனைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் அவை உள்ளன. ஆகவே நுரையீரலின் நடுவே பட்டாணி அளவில் ஒரு கட்டி முளைத்தால், அது யாருடைய உடலில் முளைத்ததோ அவருக்கே அது தெரிவதில்லை. அவர் கடை திறக்கிறார், கணக்குப் பார்க்கிறார், பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமக்கிறார். கட்டி மூச்சுக்குழாயை நெருக்கும்போதோ, உறையைத் தொடும்போதோ, எலும்புக்கும் மூளைக்கும் பரவிய பின்னரோதான் உடல் முறையிடத் தொடங்குகிறது. அப்போது மருத்துவரால் செய்யக்கூடியது பெரிதும் குறைந்துபோயிருக்கும்.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் கண்டது. ஏறத்தாழ 18 இலட்சம் பேர் அதனால் மாண்டனர். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கொள்வதில்லை. இந்தியாவில் அதே ஆண்டில் புதிதாக நோய்ப்பட்டோர் 80,000க்கும் மேற்பட்டோர். அமெரிக்க நாட்டுப் புள்ளிவிவரங்களைப் பாருங்கள்: கட்டி நுரையீரலுக்குள்ளேயே அடங்கியிருக்கும் நிலையில் கண்டறியப்பட்டவர்களுள் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கழித்தும் உயிரோடிருக்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களிலோ, நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. நோய் ஒன்றுதான், இடையில் நிற்பது காலம்.

அந்தக் காலத்தை முன்னுக்கு இழுக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று 2011ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையிலான 53,454 பேரைக் கொண்டு நடந்த மாபெரும் ஆய்வு அது. அனைவரும் கடுமையாகப் புகைத்தவர்கள். நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் முப்பது ஆண்டுகள் புகைத்ததற்கு நிகரான அளவு. ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாக மூன்று முறை மார்பு எக்ஸ்ரே எடுத்தனர். மறுபாதியினருக்குக் குறைந்த கதிர்வீச்சில் சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரே பிரிவில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தோர் 443 பேர். ஸ்கேன் பிரிவில் 356 பேர். ஐந்தில் ஒரு பங்கு குறைவு! இந்தக் கதிர்வீச்சைப் பற்றி அஞ்சுவோர் உண்டு. ஒரு முறை இத்தகைய ஸ்கேன் எடுப்பதால் உடலில் படும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே ஓராண்டில் நம்மீது படுவதைவிடக் குறைவுதான்.

ஆனால் அதே ஆய்வு ஒரு தொல்லையையும் அம்பலப்படுத்தியது. ஸ்கேனில் ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, புற்றுநோயே அல்ல! பழைய தழும்பு, ஆறிப்போன கிருமித் தொற்றின் சுவடு, தீங்கற்ற முடிச்சு. "உங்கள் நுரையீரலில் ஏதோ தெரிகிறது" என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறு ஸ்கேன், ஊசி செலுத்தித் திசு எடுத்தல், சிலருக்கு வீணான அறுவை. ஒருபுறம் தப்பவிடக் கூடாது. மறுபுறம் வீணே அச்சுறுத்தவும் கூடாது. கணினியின் உதவி தேவைப்பட்டது இந்த இருமுனைக் கத்தியின் மீதுதான்.

கண் எங்கே தவறுகிறது?

ஒரு மார்பு சி.டி. ஸ்கேன் என்பது ஒரே படமன்று. ரொட்டியை மெல்லிய துண்டங்களாக வகுப்பதுபோல் மார்பை நூற்றுக்கணக்கான துண்டங்களாக வகுத்துக் காட்டும் படத்தொகுதி. கதிரியக்க மருத்துவர் அத்தனை துண்டங்களையும் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, சில மில்லிமீட்டரே அளவுள்ள ஒரு வெண்புள்ளியைத் தேட வேண்டும். அந்த வெண்புள்ளியைப் போலவே தோற்றமளிக்கும் இரத்தக் குழாய்களோ ஆயிரமாயிரம். ஒன்றை முடித்தால் அடுத்தவருடைய படம் காத்திருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வேடிக்கையான சோதனை ஒன்றை வெளியிட்டனர். 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன்களைக் கொடுத்து முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தொகுதியில், சராசரி முடிச்சைவிட 48 மடங்கு பெரிய ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தை அவர்களுக்குத் தெரியாமல் புகுத்திவிட்டார்கள். 24 பேரில் 20 பேர் அந்தக் குரங்கைக் காணவே இல்லை! அவர்களுடைய விழியசைவைப் பதிவுசெய்த கருவி, அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்தக் குரங்கின் மீதே விழுந்து கடந்ததைக் காட்டியது. மருத்துவர்களை எள்ளி நகையாட இதனைச் சொல்லவில்லை. ஒன்றையே கூர்ந்து தேடும் மனிதக் கண் மற்றொன்றைக் கைவிடும். அது கண்ணின் இயல்பு.

மருத்துவர்கள் தமக்குள்ளும் உடன்படுவதில்லை. கணினிக்குப் பயிற்சியளிப்பதற்காக அமெரிக்காவில் 1,018 ஸ்கேன்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் தேர்ந்த நால்வரிடம் கொடுத்தார்கள். மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள முடிச்சு என்று குறைந்தது ஒருவராவது குறித்தவை 2,669. நால்வரும் ஒருமித்துக் குறித்தவையோ 928 மட்டுமே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்! அப்படியானால் இயந்திரத்துக்கு எந்த விடையைச் சரியென்று கற்பிப்பது என்ற கேள்வி எழுகிறதன்றோ? அக்கேள்வி நியாயமானது. பின்வந்த ஆய்வாளர்கள் அதற்குக் கண்ட வழியும் எளிது: மருத்துவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் கற்பிக்காதே, அந்த நோயாளிக்குப் பின்னாளில் புற்றுநோய் உண்மையிலேயே வந்ததா இல்லையா என்பதைக் கற்பி.

முத்துக் கடையின் சீடன்

வாசகர்களே, செயற்கை நுண்ணறிவு என்றவுடன் ஏதோ உயிர்பெற்ற இயந்திர மனிதன் ஒருவன் வெள்ளைச் சட்டையணிந்து வருவதாக எண்ண வேண்டாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முத்து வணிகம் செழித்திருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வணிகரின் அருகில் அமர்ந்திருக்கும் இளைஞனுக்கு இலக்கண நூல் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. முத்துகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கிறான். "இது உயர்ந்தது, இது தாழ்ந்தது" என்று முதலாளி சொல்லிக்கொண்டே வருகிறார். ஆயிரம் முத்துகள் கைமாறிய பின் அவன் கண்ணுக்கே ஒரு தேர்ச்சி வந்துவிடுகிறது. எப்படிக் கண்டாய் என்று கேட்டால் அவனால் முழுதும் விளக்க இயலாது. கணினியும் இவ்வாறே கற்கிறது. பல்லாயிரம் ஸ்கேன்களைக் காட்டி, இவருக்குப் புற்று வந்தது, இவருக்கு வரவில்லை என்று விடையையும் கொடுக்கிறார்கள். அது தன் கணிப்பைச் சொல்கிறது, தவறினால் தன்னுள்ளிருக்கும் எண்ணற்ற கணக்குத் திருகுகளைச் சிறிதே மாற்றிக்கொள்கிறது, மீண்டும் கணிக்கிறது. இந்தச் சீடனுக்குக் களைப்பில்லை, பசியில்லை. ஆனால் காட்டப்படாத முத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதனைப் பிறகு காண்போம்.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. கணினி ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நின்ற காலத்தில், 1963ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க மருத்துவர் க்வில்லிம் லாட்விக் என்பவர் நுரையீரல் புற்றுநோயாளிகளின் எக்ஸ்ரே படங்களை எண்களாக மாற்றிக் கணினிக்கு ஊட்டும் முறையை எழுதி வெளியிட்டார். எண்ணம் இருந்தது, படங்களும் ஆற்றலும் போதவில்லை. 2010க்குப் பின்னரே அவை இரண்டும் சேர்ந்தன.

கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவ்வகையில் பெரும் பேச்சாயிற்று. மேலே சொன்ன அந்த 53,454 பேர் ஆய்வின் ஸ்கேன்களைக் கொண்டே இயந்திரத்தைப் பயிற்றுவித்தார்கள். புற்றுநோய் உள்ளவர் ஒருவருடைய ஸ்கேனையும் இல்லாதவர் ஒருவருடையதையும் எதிரெதிரே வைத்தால், எது எது என்பதை நூற்றுக்கு 94 முறை அது சரியாகப் பிரித்தது. ஆறு கதிரியக்க மருத்துவர்களோடு அதனைப் போட்டியிடவும் வைத்தார்கள். நோயாளியின் பழைய ஸ்கேன் இல்லாமல், ஒரே ஸ்கேனை மட்டும் பார்த்தபோது இயந்திரம் அறுவரையும் விஞ்சியது. வீண் எச்சரிக்கையும் குறைவு, தப்பவிட்டதும் குறைவு. ஆனால் முந்தைய ஆண்டின் ஸ்கேனையும் அருகில் வைத்துக் கொடுத்தபோது மருத்துவர்கள் இயந்திரத்துக்குச் சமமாக வந்துவிட்டார்கள். பத்திரிகைகள் முதல் செய்தியைத்தான் பெரிய எழுத்தில் போட்டன. எனக்கோ இரண்டாவது செய்திதான் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று இதைவிட வியப்புக்குரியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியை ரெஜினா பார்ஸிலே கணினிக்கு மனித மொழியைக் கற்பிக்கும் துறையில் பேர்பெற்றவர். 2014ஆம் ஆண்டில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்குப் பின் தம் ஆராய்ச்சியின் திசையையே அவர் புற்றுநோயின் பக்கம் திருப்பினார். அவருடைய குழுவினரும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையினரும் சேர்ந்து ஆக்கி, 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்டது 'சிபில்' என்ற மென்பொருள். இது இன்றைய புற்றுநோயைத் தேடுவதோடு நிற்பதில்லை. ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்து, அடுத்த ஓராண்டு முதல் ஆறாண்டு வரை இவருக்கு நுரையீரல் புற்று வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடுகிறது. கண்ணுக்கு எந்த முடிச்சும் தென்படாத ஸ்கேனிலும் அது எதனையோ உணர்கிறது. ஓராண்டு முன்கணிப்பில், மேலே சொன்ன இணைப் பரீட்சையில், நூற்றுக்கு 92 முறை சரி. தைவான் நாட்டு மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன்களிலும் அதன் தேர்ச்சி குன்றவில்லை. அங்கே புகைக்காதவர்களும் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சிபில் என்பது பண்டைய கிரேக்கர் கதைகளில் வரும் குறி சொல்லும் பெண்ணின் பெயர். இத்தகைய பெயரை ஏன் வைத்தார்களோ! இது குறியன்று, கணக்கு. மழை வரும் வாய்ப்பை வானிலை அறிஞர் சொல்வது போன்றதே.

புகைக்காதவருக்கும் உண்டா என்று கேட்கலாம். உண்டு. புகையிலையே முதற்பகை என்பதில் ஐயமில்லை. பீடியும் அதில் அடக்கம். ஆனால் வெளிக்காற்றின் மாசும், வீட்டினுள் எரியும் நிலக்கரிப் புகையும் புற்றுநோயை விளைவிப்பவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. விறகடுப்பின் புகையை அது அதற்கடுத்த வரிசையில், விளைவிக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஒருநாளும் பீடியைத் தொடாத உம்மாமார்களும் பாட்டிமார்களும் எத்தனை ஆண்டுகள் ஊதுகுழலோடு அந்தப் புகையில் அமர்ந்திருந்தார்கள்! தைவான் அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய நாடு தழுவிய ஸ்கேன் திட்டத்தில், புகைத்தவர்களோடு, குடும்பத்தில் இந்நோய் கண்டவர்களையும் சேர்த்தது இக்காரணங்களை எண்ணித்தான்.

சீடனின் குறைகள்

இனிக் காட்டப்படாத முத்துக்கு வருவோம். அந்த அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். அவர்களுடைய நுரையீரலைப் பார்த்துக் கற்ற இயந்திரம், திண்டுக்கல் தோல் தொழிலாளியின் நுரையீரலையும் அதே தேர்ச்சியோடு வாசிக்கும் என்று யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல இயலாது. சோதித்துப் பார்த்தே அறிய வேண்டும்.

இயந்திரம் குறுக்குவழியும் கற்றுக்கொள்ளும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பயின்ற ஒரு மென்பொருளைச் சோதித்தார்கள். அது நுரையீரலை மட்டும் பார்க்கவில்லை. படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையும் அடையாளம் கண்டுகொண்டது. நோயாளிகள் மிகுந்த மருத்துவமனையின் படமென்றால் நோய் இருக்கும் என்று சாய்ந்தது. வேறு மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது தேர்ச்சி இறங்கிவிட்டது. தேர்வில் விடையைப் படிக்காமல் வினாத்தாளின் நிறத்தைப் பார்த்து எழுதிய மாணவனைப் போல!

இதனினும் நுட்பமான ஆபத்து மனிதரிடத்தில் உள்ளது. ஜெர்மனியில் 27 கதிரியக்க மருத்துவர்களைக் கொண்டு 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், மார்பக எக்ஸ்ரே படங்களோடு இயந்திரத்தின் கருத்து என்று ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சிலவற்றில் வேண்டுமென்றே தவறான கருத்து. இயந்திரம் சரியாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள் நூற்றுக்கு எண்பது சரியாகச் சொன்னார்கள். இயந்திரம் தவறியபோது அவர்களும் தவறி, நூற்றுக்கு இருபதாக வீழ்ந்தார்கள். பழுத்த அனுபவசாலிகள்கூடப் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். இயந்திரம் சொல்லிவிட்டதே என்ற எண்ணம் கண்ணை மறைக்கிறது.

இங்கிலாந்து இதில் காட்டும் நிதானம் பாராட்டுக்குரியது. அந்நாட்டில் பல்பொருள் அங்காடிகளின் வாகன நிறுத்தங்களுக்கே ஸ்கேன் வண்டிகளைக் கொண்டுசென்று புகைத்தவர்களைச் சோதிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு வரை 2 இலட்சம் ஸ்கேன்களில் 2,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அவர்களில் நூற்றுக்கு 76 பேருக்குத் தொடக்க நிலையிலேயே! ஆனால் பொது மருத்துவர்கள் அனுப்பும் சாதாரண மார்பு எக்ஸ்ரேயை வாசிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பற்றி அந்நாட்டு மருத்துவத் தர நிறுவனம் 2023 செப்டம்பரில் ஆராய்ந்தபோது, பரவலாகப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை, மேலும் ஆய்வு வேண்டும் என்றே தீர்ப்பளித்தது.

கதிரியக்க மருத்துவர்களை இனிப் பயிற்றுவிப்பதே வீண் என்று 2016ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஹிண்டன் என்ற பேரறிஞர் சொன்னார். 2024இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்த ஐந்தாண்டுக் கெடு வந்து போய்விட்டது. கதிரியக்க மருத்துவர்களுக்கு இன்றும் உலகெங்கும் பற்றாக்குறைதான்.

நம் நாட்டின் சிக்கல்

மேலைநாட்டு மருத்துவர் ஒரு முடிச்சைக் கண்டால் முதலில் புற்றுநோயை நினைக்கிறார். நம் நாட்டு மருத்துவர் முதலில் நினைப்பது காசநோயை. அது இயல்பே. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். ஆனால் இரண்டும் ஒரே வேடம் புனைந்து வருகின்றன. விடாத இருமல், மெலிவு, பசியின்மை, சளியில் இரத்தம், எக்ஸ்ரேயில் நிழல். ஆகவே புற்றுநோய் உள்ளவருக்குக் காசநோய் மாத்திரை கொடுக்கப்பட்டு, அது கேட்கவில்லையே என்று திகைக்கும்போது மாதங்கள் பறிபோயிருக்கும். இந்திய மருத்துவர்களே இதனைத் தம் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் எழுதி வருகிறார்கள். மறுபுறம், ஆறிய காசநோய்த் தழும்புகள் எண்ணற்றோர் நுரையீரலில் உள்ளன. அமெரிக்கர்களைப் போல் ஸ்கேன் எடுக்கத் தொடங்கினால் வீண் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை அங்கே கண்டதையும் மிஞ்சக்கூடும்.

இந்த இடத்தில்தான் இயந்திரத்தின் உதவி நமக்கு வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் காசநோயைத் தேடும்போது எக்ஸ்ரேயைக் கணினியே வாசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவிகளும் செயற்கை நுண்ணறிவும் ஊர்களுக்குள் சென்றன. கதிரியக்க மருத்துவரே இல்லாத ஊரில் அங்கேயே விடை கிடைக்கிறது. காசநோயைத் தேடி எடுக்கப்படும் அதே எக்ஸ்ரேயில் புற்றுநோய் ஐயத்துக்குரிய முடிச்சையும் சுட்டிக்காட்டும் ஆற்றல் சில மென்பொருள்களுக்கு உண்டு. மும்பையில் 2016ஆம் ஆண்டில் தோன்றிய கியூர் ஏஐ நிறுவனத்தின் மென்பொருள் அவற்றுள் ஒன்று. ஆனால் சுட்டிக்காட்டிய பின்? அந்த மனிதரை அடுத்த ஊருக்கு ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பணமும் துணையும் வேண்டும். திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். நிழலைக் காட்டுவது இயந்திரம். புற்றுநோய்தான் என்று உறுதி செய்வது இன்றும் அந்தத் திசுப் பரிசோதனையே.

ஆதலின், வாசகர்களே, உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இருமல் மூன்று வாரங்களைக் கடந்தால், "அத்தாவுக்கு அது பழைய பீடி இருமல்" என்று தள்ளிவிடாதீர்கள். சளியில் கிருமி காணப்படாமல், படத்தின் நிழலை மட்டும் வைத்துக் காசநோய் மருந்து தொடங்கப்பட்டிருந்தால், இரண்டு மாதங்கள் கழித்தும் நிழல் சுருங்கவில்லையெனில், மருத்துவரிடம் சி.டி. ஸ்கேன் பற்றித் தயங்காமல் கேளுங்கள். இயந்திரம் வாசித்த அறிக்கை கையில் கொடுக்கப்பட்டால், அதனை ஒரு மருத்துவரும் பார்த்துக் கையொப்பமிட்டாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. முக்கியமாக, பழைய எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் எறிந்துவிடாதீர்கள். பழைய படம் அருகிலிருந்தபோதுதான் அந்த ஆறு மருத்துவர்களும் இயந்திரத்துக்கு நிகராக நின்றார்கள். மூன்றாண்டுகளுக்கு முன்பும் இதே அளவில் இருந்த புள்ளி பெரும்பாலும் தழும்பு. அன்று இல்லாமல் இன்று முளைத்த புள்ளி வேறு. கிரகணம் பார்ப்பதற்காகப் பிள்ளைகள் எடுத்துப்போன அந்தப் பழைய எக்ஸ்ரே எங்கேயிருக்கிறது என்று தேடுங்கள். அதன் வழியே சூரியனைப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. மருத்துவமனைக்குப் போகும்போது அதனைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.